குளம் வரைந்த கோடுகள்

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த கிழமையில், இலங்கையின் வடக்கே வன்னிக்குள்ளால் போகிற ஏ9 வீதியால் போனால் பாடசாலை மதில்களில் பதாகைகள் தொங்கும். பிள்ளைகளின் படம், பெற்ற புள்ளி, மேலே பெரிய எழுத்தில் வாழ்த்து. பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம் என்று வழிநெடுக இருக்கும். வெயிலில் நிறம் மங்கும்வரை யாரும் கழற்றுவதில்லை. அந்தப் பிள்ளைகளின் சந்தோஷத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் தாய் கூலிவேலைக்குப் போகிறவர் என்றால், அந்தப் பதாகை அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கொஞ்சக் காலமாக அந்தப் பதாகைகளைக் காணும்போதெல்லாம் மனதில் ஒன்று உறுத்துகிறது. நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு பாடம் அது. எந்தப் பதாகையிலும் அது வரவில்லை, வரவும் வராது. அதைப் பற்றி யாராவது எழுதவேண்டும் என்று காத்திருந்தேன். ஒருவரும் எழுதவில்லை. சரி, நானே எழுதுகிறேன்.

நான்காம் ஆண்டு வகுப்பு ஒன்று ஒரு சிறிய குளத்தோடு மாரியிலிருந்து கோடை வரை இருந்து படித்த கதை இது. படிப்பித்தவர் கிளிநொச்சிப் பக்கத்துச் சின்னப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை. பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. என் தொழில் நீர்ப்பாசனம். வாய்க்கால், தண்ணீர் திறந்துவிடுகிற துருசு, குளக்கட்டு என்று அலைகிற வேலை. நிலத்தையும் தண்ணீரையும் பற்றிப் படித்த வகுப்புகளில் நானும் இருந்திருக்கிறேன், பெரிய படிப்புப் படித்தவர்களின் விளக்கங்களையும் கேட்டிருக்கிறேன். அவை எல்லாவற்றையும் வைத்துச் சொல்கிறேன்: நான் கண்ட புவியியல் பாடங்களில் இதுதான் மிகச் சிறந்தது. இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் கேட்டார், "ஆரம்பப் பிரிவில் ஏது புவியியல்?"

நியாயமான கேள்விதான். எங்கள் நாட்டில் ஆறாம் ஆண்டில்தான் புவியியல் என்று தனிப் புத்தகம் பிள்ளையின் கைக்கு வருகிறது. அதற்கு முந்திய ஐந்து வருடமும் அது சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்துக்குள், செடிகொடிகளோடும் பண்டிகைகளோடும் கலந்து கிடக்கிறது. தனிப் பெயர் இல்லாததால் அதை யாரும் தனியாகக் கவனிப்பதும் இல்லை. நன்றாகப் படிப்பித்தாலும் தெரியவராது, படிப்பிக்காமல் விட்டாலும் தெரியவராது. பரீட்சை நெருங்கும்போது எல்லாம் ஒரு வரி விடைகளாகச் சுருங்கிவிடும். இலங்கையின் மிக நீளமான ஆறு மகாவலி, நீளம் 335 கிலோமீற்றர். மிக உயர்ந்த மலை பீதுருதாலகால, உயரம் 2524 மீற்றர். வன்னிப் பிள்ளைகள் இதைத் தூக்கத்திலும் சொல்வார்கள். தெரிந்திருக்கவேண்டிய விஷயங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே பிள்ளையிடம், நீ தினமும் சைக்கிளில் கடக்கிற பாலத்துக்குக் கீழே ஓடுகிற ஆறு எங்கே தொடங்குகிறது, எங்கே போய் முடிகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

தட்டையாகத் தெரிகிற நிலம்

வன்னியில் புவியியல் படிப்பிப்பது கஷ்டம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மலை இல்லை, நீர்வீழ்ச்சி இல்லை, பள்ளத்தாக்கு இல்லை, பிள்ளைகளுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட என்ன இருக்கிறது என்பார்கள். எனக்கு இது நேர்மாறாகத் தோன்றுகிறது. வவுனியாப் பக்கம் நிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆனையிறவில் கடல்மட்டமேதான். இடையில் 80 கிலோமீற்றருக்கு மேல் வீதி. அதாவது ஒரு கிலோமீற்றர் போனால் ஒரு மீற்றர் அளவுக்கு இறங்குகிறோம். நின்று பார்க்கிற கண்ணுக்கு அது பிடிபடாது. தண்ணீருக்குப் பிடிபடும். கனகராயன் ஆறு சேமமடுப் பக்கம் தொடங்கி வடக்கே இறங்கி இரணைமடுவை நிரப்பிவிட்டு, மிச்சத்தைச் சுண்டிக்குளம் கடனீரேரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பாலியாறு வடமேற்கே திரும்பி வவுனிக்குளம் வழியாக மேற்குக் கடலுக்குப் போகிறது. பேராறு கிழக்கே முத்தையன்கட்டுக்கும் அதைத் தாண்டி நந்திக்கடல் என்ற கடனீரேரிக்கும் போகிறது. ஒரே வாடைக்காற்று கொண்டுவந்த ஒரே மழை ஒரே காட்டில் விழுகிறது. அது கிழக்கே போவதா மேற்கே போவதா என்பதை, கண்ணுக்கே தெரியாத ஒரு மேடு தீர்மானித்துவிடுகிறது.

வருட மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டி முடிந்துவிடும். அதற்குப் பிறகு சோளகம், தென்மேற்குக் காற்று. அந்தக் காற்று கொண்டுவருகிற மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவு வாங்கிக்கொள்ள, எங்களுக்கு வந்துசேர்வது காய்ந்த காற்று மட்டும். ஆகவே மாரித் தண்ணீரை மறித்து வைக்காவிட்டால் இங்கே மனிதர் இருக்க முடியாது. ஆனால் தட்டையான நிலத்தில் தண்ணீரை எங்கே மறிப்பது? இந்தக் கேள்விக்கு எங்கள் முன்னோர் கண்ட விடைகள்தான் வன்னிக் குளங்கள். பழையவை பல உடைந்து காடு மூடிக் கிடந்து பிறகு திருத்தப்பட்டன. இன்று நாங்கள் காணும் இரணைமடு 1902இல் தொடங்கி 1920இல் முடிந்த வேலை, பின்னர் கட்டு உயர்த்தப்பட்டு இப்போது 36 அடிக்குத் தண்ணீர் பிடிக்கிறது. பெரிய குளமோ, ஊருக்குப் பின்னால் இருக்கிற பேரில்லாத சின்னக் குளமோ, எல்லாம் ஒரே அறிவில் கட்டியவைதான்: கண்ணால் காண முடியாத இறக்கத்தைக் கண்டுபிடித்து, அது ஒடுங்குகிற இடத்தில் மண்ணைப் போட்டு மறிப்பது. இதைவிட நல்ல புவியியல் வகுப்பறை எங்கே கிடைக்கும்? மலைநாட்டில் இறக்கத்தைச் சும்மா பார்த்தாலே போதும். இங்கே அதை யோசித்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

"அங்கால ஏன் கட்டு இல்லை?"

அந்த ஆசிரியை என்னைக் கூப்பிட்டது ஒரு தை மாதம். குளம் நிரம்பி, மிஞ்சின தண்ணீர் வழிகிற வான் பாய்ந்து ஓய்ந்திருந்தது. பிள்ளைகளைக் குளக்கட்டுக்குக் கூட்டிவருவதாகவும் துருசு எப்படி வேலை செய்கிறது என்று நான் விளங்கப்படுத்தவேண்டும் என்றும் கேட்டார். வெளியே கூட்டிப்போவது லேசான காரியம் அல்ல என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அதிபரின் அனுமதி, பெற்றோரின் கையெழுத்து, ஆழம், பாம்பு, காலையில் யானை நின்ற தடயம். போகாமல் இருக்க நூறு காரணம் உண்டு. அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். இரண்டு தாய்மார் வந்தார்கள். கமக்காரர் அமைப்பிலிருந்து ஓர் ஐயா வந்தார். பிள்ளைகள் தண்ணீருக்கு எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதற்குக் கயிறு கட்டியிருந்தது.

மருதமர நிழலில் பிள்ளைகள் இருந்தார்கள். துருசைக் காட்டினேன், வானைக் காட்டினேன், வாய்க்கால் வயலுக்குப் போகும் பாதையைக் காட்டினேன். நன்றாகக் கேட்டார்கள். முடித்துவிட்டுக் கேள்வி இருக்கிறதா என்றேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழும்பினாள்.

"மாமா, இந்தப் பக்கம் இவ்வளவு பெரிய கட்டுக் கட்டியிருக்கினம். அங்கால ஏன் கட்டு இல்லை? தண்ணி அங்கால ஓடிப் போகாதோ?"

குளத்தில் தண்ணீர் நிற்பதற்கான முழுக் காரணமும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. குளத்தை தினம் பார்க்கிற எங்களுக்கு அந்தத் திறந்த பக்கம் கண்ணில் படுவதே இல்லை. பதில் என் வாய்வரை வந்துவிட்டது. ஆசிரியை கையைக் காட்டி நிறுத்தினார். "நல்ல கேள்வி. இதுக்கு இப்ப ஒருத்தரும் மறுமொழி சொல்லக்கூடாது. மாமாவும் சொல்லக்கூடாது. நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

பிள்ளைகள் சொன்னார்கள். அங்கால காடு இருக்கு, காடு தண்ணியை மறிக்கும் என்றான் ஒருவன். கட்டக் காசு முடிந்திருக்கும் என்றாள் இன்னொருத்தி. அங்கால தண்ணி ஆழமில்லை, அதால ஓடாது என்றான் மூன்றாமவன். ஆசிரியை மூன்றையும் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். எது சரி, எது பிழை என்று முகத்தில்கூடக் காட்டவில்லை. எனக்கு அந்த இடம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நல்ல கேள்வி ஒன்று வந்ததும் உடனே நல்ல பதில் ஒன்றைச் சொல்லிவிடுவதுதான் படிப்பித்தல் என்று நாங்கள் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம். அவர் அந்தக் கேள்வியை மாதக்கணக்கில் திறந்தே வைத்திருந்தார்.

அடுத்தடுத்த கிழமைகளில் ஒவ்வொரு ஊகத்தையும் சோதித்தார்கள். கட்டுக்கு எதிரே தண்ணீர் பரந்து முடிகிற அலைகரைப் பக்கம் போய்ப் பார்த்தபோது தண்ணீர் மரங்களுக்கு இடையில் சாவகாசமாகப் புகுந்து நின்றது. காடு மறிக்கவில்லை. காசு விஷயத்தைக் கமக்காரர் அமைப்பு ஐயாவிடம் கேட்டார்கள். அவர் தன் அப்பு காலத்துக் கதைகளைச் சொல்லி, அந்தப் பக்கம் கட்டுவது பற்றி யாரும் நினைத்ததுகூட இல்லை என்றார். மிஞ்சியது ஆழமில்லை என்ற ஊகம். அப்போது ஆசிரியை கேட்டார்: ஆழமில்லை என்றால் அங்கால நிலம் உயரமாக இருக்கவேண்டும், ஆனால் பார்த்தால் எல்லாம் தட்டையாகத்தானே தெரிகிறது, எப்படிக் கண்டுபிடிக்கலாம்? வகுப்பு யோசித்தது. ஒரு பிள்ளை சொன்னான், "தண்ணி வத்தேக்க தெரியும் ரீச்சர்."

தடிகள்

அன்றிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை அலைகரையில் தண்ணீர் விளிம்பு இருக்கிற இடத்தில் வரிசையாகத் தடி நட்டார்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு நிறம் பூசிய தடி. நட்ட நாள், அன்றைக்குக் காற்று எப்படி, வானம் எப்படி, துருசு திறந்திருந்ததா என்று கொப்பியில் எழுதினார்கள். மாடுகள் மிதித்துச் சில தடிகள் விழுந்தன. விழுந்ததை அந்த அளவில் மறுபடி நட்டுவிடலாம் என்று பிள்ளைகள் ஓடியபோது ஆசிரியை தடுத்தார். "நிண்ட இடம் வடிவாத் தெரியாட்டி நடவேண்டாம். அதை வெறுமையா விடுங்கோ. கொப்பியில மாடு மிதிச்சது எண்டு எழுதுங்கோ." ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு ஒழுக்கத்தை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? தெரியாததைத் தெரிந்தமாதிரி நிரப்பக்கூடாது என்பது அளவெடுக்கிற எங்கள் தொழிலின் முதல் விதி.

கோடை நெற்செய்கையான சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடத் தொடங்கியதும் குளம் வேகமாக இறங்கியது. வெள்ளைத் தடிகள் மேலே, பிறகு சிவப்பு, பிறகு நீலம், பிறகு மஞ்சள் என்று நிலத்தில் வரிவரியாக நின்றன. ஓர் இடத்தில் வரிகள் ஒன்றுக்கொன்று தூரத் தூர இருந்தன, இன்னோர் இடத்தில் கிட்டக் கிட்ட இருந்தன. ஏன் என்று ஆசிரியை கேட்க, மாடு மேய்க்கப் போகிற ஒரு பையன் உடனே சொன்னான், கிட்டக் கிட்ட இருக்கிற இடத்தில்தான் மாடு இறங்க வழுக்கும் என்று. அவ்வளவுதான். சாய்வையும் கோட்டு நெருக்கத்தையும் பற்றிய பாடம் அந்த ஒரு வசனத்தோடு முடிந்துவிட்டது. இதே விஷயத்தை உயர்தர வகுப்பில் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, வரைபடத்தைக் கையில் கொடுத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லத் தெரியாமல் நிற்கிற இளைஞர்களை வேலைத்தளத்தில் காண்கிறேன். அவர்களில் குறை இல்லை. அவர்களுக்கு யாரும் தடி நடக் கொடுக்கவில்லை.

ஆனி மாதம் என்னை மறுபடி கூப்பிட்டார். ஒரே நாளில் நட்ட தடிகள் எல்லாம் உண்மையிலேயே ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று கருவி வைத்துப் பார்க்கவேண்டுமாம். உயர வித்தியாசம் பார்க்கிற பழைய டம்பி லெவல் ஒன்றைக் கொண்டுபோனேன். அந்தக் காலத்துக் கருவிகளில் உருவம் தலைகீழாகத்தான் தெரியும். மட்டக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கள் சிநேகிதன் தலைகீழாக நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்து முடிக்கவே நேரம் எடுத்தது. பிறகு ஒவ்வொருவராக எண்ணை வாசித்தார்கள். வாசிப்பதைக் கரும்பலகைத் துண்டில் எழுதினார்கள். வெள்ளைத் தடிகள் எல்லாம் ஒரு விரற்கிடைக்குள் ஒத்துவந்தன. சிவப்பும் அப்படியே. மஞ்சளில் ஒரு கரையோரத் தடிகள் மட்டும் மற்றவற்றைவிட நாலு விரல் அளவு உயரத்தில் இருந்தன. மறுபடி வாசித்தோம். அதேதான்.

குளத்தில் வலை போடுகிறவரின் மகன் ஒருவன் இருந்தான். வகுப்பில் அதிகம் பேசாதவன் என்று ஆசிரியை பிறகு சொன்னார். "அண்டைக்குச் சோளகம் அடிச்சது ரீச்சர். அந்தக் கரைக்குத்தான் அலை ஏறும்" என்றான். ஆசிரியை உடனே ஆமாம் என்று சொல்லிவிடவில்லை. கொப்பியை எடுத்துப் பார்க்கச் சொன்னார். மஞ்சள் தடி நட்ட நாளுக்கு நேரே ஒரு பிள்ளையின் கையெழுத்தில் இருந்தது: நல்ல காற்று, தொப்பி பறந்தது.

அதற்குப் பிறகுதான் கடதாசி வந்தது. காலடியால் தூரம் அளந்து பிரிஸ்டல் அட்டையில் குளத்தை வரைந்தார்கள். ஒரே நிறத் தடிகளை ஒரு கோட்டால் இணைத்தார்கள். மாடு மிதித்த இடங்களில் கோட்டை விட்டுவிட்டார்கள். எல்லாம் முடிந்து, அட்டை சுவரில் ஏறிய பிறகு, கடைசியாகத்தான் ஆசிரியை அந்தப் பெயரைச் சொன்னார்: இதைத்தான் சமவுயரக் கோடு என்று சொல்லுவது. அப்போது தை மாதத்துக் கேள்வியைக் கேட்ட பெண்பிள்ளையை எழுப்பி, இப்போது நீ சொல் என்றார். அவள் அட்டைக்கு முன்னால் போய் நின்று, கோடுகளின் மேல் விரலை வைத்து உட்பக்கத்திலிருந்து காட்டுப்பக்கம் வரை கொண்டுபோனாள். "அங்கால நிலந்தானே ரீச்சர் கட்டு" என்றாள்.

ஒரு பொறியியலாளர் இதை ஒரு பக்கத்தில் எழுதுவார். அவள் சொன்னதில் அந்தப் பக்கம் முழுக்க இருக்கிறது.

எங்கே தண்ணி அள்ளினீர்கள்?

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு தேவையா என்று கேட்டவர்களும் உண்டு. வன்னியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை எப்படிக் கேட்க முடிகிறது என்று எனக்கு விளங்கவில்லை. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது, எந்தப் பக்கம் நடந்தால் மேடு, எந்த ஒழுங்கைக்குள் தண்ணீர் முதலில் ஏறும் என்பது இருட்டில் தெரியவேண்டியிருந்தது. தட்டையான ஊரில் அரை மீற்றர் உயரம்தான் வீட்டுக்குள் தண்ணீர் வருவதையும் வாசலில் நிற்பதையும் பிரிக்கிறது. நிலத்தின் சாய்வை அறிந்த பிள்ளைக்கு வீட்டில் ஒரு வேலை இருக்கிறது.

வெள்ளம் மட்டுமல்ல. 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்த எத்தனையோ குடும்பங்கள் தங்கள் காணியைக் கண்டுபிடித்தது ஒரு கிணற்றையும், பட்ட ஒரு பாலைமரத்தையும், மதகின் மிச்சத்தையும் வைத்துத்தான். உறுதியும் பெர்மிட்டும் போன இடம் தெரியாத நிலையில், எல்லை இதுதான் என்று சொல்ல ஞாபகம் ஒன்றுதான் இருந்தது. 2017இல் முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள் படையினர் வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு வீதியோரம் இருந்தபோது, அவர்கள் ஒவ்வொருவரும் உள்ளே எது எங்கே இருந்தது என்று சொல்லக்கூடியவர்களாக இருந்தார்கள். நிலத்தை வாசிக்கவும் வரையவும் தெரிந்த தலைமுறை இங்கே இருந்தாகவேண்டும். அதை எட்டு வயதில் தொடங்காமல் எப்போது தொடங்குவது?

அந்த ஆசிரியை இதையும் செய்தார், மிகக் கவனமாக. வீட்டில் இருக்கும் அம்மம்மா, அப்பப்பாவிடம் பழைய ஊரைக் கேட்டு வந்து வரையவேண்டும் என்று ஒரு வேலை கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு வசனம் சொன்னார். "எங்க ஓடினீங்கள் எண்டு கேக்கவேண்டாம். எங்க தண்ணி அள்ளினீங்கள் எண்டு கேளுங்கோ." இடப்பெயர்வைக் கேட்டிருந்தால் சில வீடுகளில் அன்றிரவு யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். தண்ணீரைக் கேட்டதால் கிணறுகள் வந்தன, இப்போது பற்றைக்குள் இருக்கிற பழைய வண்டில் பாதை வந்தது, எந்தத் துரவில் கோடையிலும் நல்ல தண்ணீர் இருந்தது என்பது வந்தது. ஒரு அம்மம்மா பேத்தியோடு பாடசாலைக்கே வந்து, அட்டையில் தன் வீட்டுக் கிணறு தவறான பக்கம் இருக்கிறது என்று திருத்திவிட்டுப் போனார். இந்த அளவு நுட்பம் எந்தப் பயிற்சிக் கருத்தரங்கிலும் கிடைக்காது. வகுப்பில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் அறிந்தவருக்குத்தான் அது வரும்.

எப்படிக் கொண்டாடுவது?

இங்கிலாந்தில் 1893இல் தொடங்கிய புவியியல் சங்கம் ஒன்று இருக்கிறது. புவியியல் ஆசிரியர்களின் அமைப்பு. ஆரம்பப் பாடசாலைகளின் புவியியல் கற்பித்தலுக்கென்றே அது ஒரு தர முத்திரை கொடுக்கிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள். அதில் எனக்குப் பிடித்தது பதக்க நிறங்கள் அல்ல. பாடசாலை முதலில் தன்னைத் தானே மதிப்பிடவேண்டும், பிள்ளைகளின் வேலைகளை ஆதாரமாக வைக்கவேண்டும் என்பதுதான். அங்கே 2014இல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டம், சின்ன வகுப்புப் பிள்ளைகளே தங்கள் பாடசாலையையும் சுற்றுப்புறத்தையும் வெளியே போய்ப் பார்த்துப் படிக்கவேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. நாட்டின் நிலை வேறு, வசதி வேறு. ஆனால் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் புவியியலை நன்றாகப் படிப்பிப்பது பாராட்டவேண்டிய தனித் திறமை என்று ஒரு சமூகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதை நாங்களும் ஏற்றுக்கொள்ளப் பெரிய செலவு இல்லை.

எங்களிடம் ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம் இருக்கிறது. அன்றைக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், மாலை போடுகிறோம், பிள்ளைகள் பாட்டுப் பாடுகிறார்கள். நல்ல வழக்கம், இருக்கட்டும். ஆனால் ஒரு தச்சுத் தொழிலாளியைப் பாராட்ட வேண்டுமென்றால் அவர் செய்த கதவைப் பார்க்காமல் பாராட்டுவோமா? ஆசிரியரின் வேலை வகுப்புக்குள் நடக்கிறது, அதை இன்னோர் ஆசிரியர்கூடப் பார்ப்பதில்லை. அந்தச் சமவுயரக் கோட்டு அட்டை ஒரு வருடம் வகுப்புச் சுவரில் இருந்தது. பிறகு சுவருக்கு வெள்ளை அடித்தபோது கழற்றப்பட்டு அலுமாரிக்கு மேல் போய்விட்டது. அது கோட்டக் கல்வி அலுவலக வாசலில் தொங்கவேண்டிய அட்டை. சிறுபோகக் கூட்டத்தில் கமக்காரர்களுக்கு முன்னால் விரிக்கவேண்டிய அட்டை.

அந்த வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் பிறகு புலமைப்பரிசிலில் சித்தியடைந்தார்கள் என்று இதைக் கேட்ட எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியும், ஆனால் இங்கே எழுதப்போவதில்லை. எண் பெரிதாக இருந்தால் பரீட்சைக்கு உதவுகிற புதிய வழி என்று இதை எடுத்துக்கொள்வார்கள், சிறிதாக இருந்தால் வீண்வேலை என்பார்கள். இரண்டும் இந்தப் பாடத்துக்குச் செய்கிற அநியாயம். வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு வாசிப்பு எதற்கு உதவியது என்று நாங்கள் கேட்பதில்லை.

ஆகவே போன ஆசிரியர் தினத்துக்குப் பொன்னாடைக்கு மேலதிகமாக ஒரு வேலை செய்து பார்த்தோம். அந்த அட்டையை அலுமாரியிலிருந்து இறக்கி, தூசு தட்டி, சுற்றுவட்டப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களைக் குளக்கட்டுக்குக் கூப்பிட்டோம். அதிபர் சம்மதித்தார். பேச்சு ஒன்றும் இல்லை. அந்த ஆசிரியை அப்போதிருந்த வகுப்போடு வழக்கம்போல ஒரு பாடம் எடுத்தார், வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். முடிந்ததும் முல்லைத்தீவுப் பக்கம் படிப்பிக்கிற ஓர் ஆசிரியை அவரைத் தனியே கூட்டிக்கொண்டு போனார். தங்கள் பாடசாலைக்குக் கிட்டக் குளம் இல்லை, நந்திக்கடல்தான் இருக்கிறது, அங்கே மாரியில் தண்ணீர் ஏறும், கோடையில் வற்றும், உப்பும் மாறும், முகத்துவாரம் வெட்டினால் ஒரே நாளில் இறங்கிவிடும், அங்கேயும் தடி நடலாமா என்று கேட்டார். இருவரும் மருதமர வேரில் இருந்து வெயில் சாயும்வரை பேசினார்கள். இறால் பிடிக்கிற வீடுகளின் பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்கிறார்களாம், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்கவேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. தடி சேற்றில் நிற்காது, கண்டல் வேரில் நிறம் பூசலாமா என்று யோசித்தார்கள். உப்பை எப்படி அளப்பது என்பதில் முடிவு வரவில்லை. இந்த முறை மழை தொடங்கமுன் முதல் அடையாளம் வைக்கவேண்டும் என்று தீர்மானித்திருக்கிறார்கள். டம்பி லெவலை நான் கொண்டுபோகிறேன்.